இறுக்கமா, பொருத்தமா? கிட்டார் பிக்கும் வீணை மீட்டும்: ஓர் ஒப்பாய்வு

மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் தேனி பஸ் ஏறினால் அது போகும் மாவட்டத்தில்தான் பண்ணைப்புரம் இருக்கிறது. 1943-இல் இளையராஜா பிறந்த ஊர். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கிய கை அந்த மண்ணிலிருந்து வந்தது. பஸ் ஏறாமல் ஊருக்குள் திரும்பி மீனாட்சியம்மன் கோயில் பக்கம் போனால் அனுமந்தராயன் கோயில் தெரு வரும். 1916-இல் எம்.எஸ். சுப்புலட்சுமி மதுரையில் பிறந்தார்; அந்தத் தெருவில்தான் அவர்கள் வீடு. அவருடைய தாயார் மதுரை சண்முகவடிவு வீணை வாசித்தவர். ஆக, இந்த வட்டாரத்துக்குக் கிட்டாரும் அந்நியமில்லை, வீணையும் அந்நியமில்லை. ஞானஒளிவுபுரம் மாதிரி இடங்களில் தேவாலயப் பாடற்குழுவோடு கிட்டார் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பசுமலை அரசு இசைக் கல்லூரியில் வீணை வகுப்பு நடக்கிறது.

இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமலே ஒரே தொல்லையோடு மல்லுக்கட்டுகின்றன. விரல் நுனியில் உலோகத்தை மாட்டிக்கொண்டு கம்பியைத் தட்ட வேண்டும். தளர்வாக மாட்டினால் பாட்டின் நடுவில் கழன்று விழுகிறது. இறுக்கி மாட்டினால் பத்து நிமிடத்தில் விரல் மரத்துப்போகிறது. கிட்டார்க்காரர் இதற்கு ஃபிங்கர் பிக் போடுகிறார். வீணைக்காரர் மீட்டு போடுகிறார். இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. பார்த்த பிறகு எனக்குப் படுவது ஒன்றுதான்: வலிப்பதும் வழுக்குவதும் இரண்டு குறைகள் போலத் தெரிந்தாலும் வேர் ஒன்று. உலோகம் விரலில் எவ்வளவு இடத்தில் படிகிறது என்பதே அந்த வேர். வீணை மீட்டு இந்தப் படிமானத்தை அமைப்பிலேயே கொண்டிருக்கிறது. கிட்டார் பிக்கில் அதை நாம்தான் கையால் உண்டாக்க வேண்டும்.

இரண்டு வலது கைகள்

கருவி வேறு என்பதால் கையின் வேலைப் பங்கீடும் வேறு. ஃபிங்கர்ஸ்டைல் கிட்டாரில் கட்டைவிரல் தடித்த கம்பிகளைக் கீழ்நோக்கித் தட்டித் தாளத்தைத் தாங்கும். ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மெல்லிய கம்பிகளை மேல்நோக்கி, உள்ளங்கைப் பக்கமாகச் சுண்டும். வீணையில் இது அப்படியே தலைகீழ். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வாசிப்புக் கம்பிகள் நான்கையும் கீழ்நோக்கி மீட்டுகின்றன. பக்கவாட்டில் உள்ள தாளக் கம்பிகள் மூன்றையும் சுண்டுவிரல் மேல்நோக்கித் தொடுகிறது. கிட்டாரில் தாளம் கட்டைவிரலிடம், வீணையில் சுண்டுவிரலிடம்.

உலோகம் எந்த விரலுக்குப் போகிறது என்பதும் இதையொட்டியே அமைகிறது. வீணையில் மீட்டு ஏறுவது இரண்டு விரல்களில் மட்டும். தாளம் போடும் சுண்டுவிரல் வெறுமையாகவே இருக்கும். கிட்டாரில் கட்டைவிரலுக்குத் தனி பிக், அதோடு இரண்டு அல்லது மூன்று விரல்களுக்கு உலோக பிக். பாஞ்சோவில் மூன்று விரல் பாணியை உலகறியச் செய்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றோடு நிறுத்திக்கொண்டார். கிட்டாரில் ரெவரண்ட் கேரி டேவிஸ் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும் என்று வாசித்தவர். புதிதாகப் பழகுகிறவர் முதல் நாளே நான்கு விரலிலும் மாட்டிக்கொள்ளத் தேவையில்லை என்பதற்கு இந்தப் பெரியவர்களே சாட்சி.

தட்டும் எண்ணிக்கையும் ஒன்றல்ல. வீணையில் ஒரு மீட்டு விழுந்ததும் இடது கை கம்பியை இழுத்து, வளைத்து, அந்த ஒரே நாதத்திலிருந்து நாலைந்து ஸ்வரங்களை எடுத்துவிடும். வலது விரலுக்கு இடைவெளி கிடைக்கிறது. ராகத்தை லயத்தோடு அடுக்கடுக்காக விரிக்கும் தானம் வாசிக்கும்போதுதான் மீட்டு இடைவிடாமல் விழும். கிட்டாரிலோ அநேகமாக ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு சுண்டல் வேண்டும். கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக எடுக்கும் ஒரு சாதாரண ஆர்ப்பெஜ்ஜியோவிலேயே விரல் ஓய்வதில்லை. அதனால் கிட்டார் பிக்கில் உள்ள சின்னப் பொருத்தக் குறைகூடச் சீக்கிரம் வெளிப்பட்டுவிடும்.

தகடும் கம்பியும்

கிட்டாரின் ஃபிங்கர் பிக் ஒரு வெட்டுத் தகடு. விரல் சதையின்மேல் படிந்து நுனியைத் தாண்டி நீளும் பகுதியை நாக்கு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் வளைந்து நகத்தின் பக்கம் வருவதைப் பட்டை என்போம். டன்லப் கம்பெனியின் நிக்கல் சில்வர் பிக்குகள் 0.013 அங்குலம் முதல் 0.025 அங்குலம் வரையிலான தடிமன்களில் வருகின்றன, ஏறத்தாழ 0.33 மில்லிமீட்டரிலிருந்து 0.64 மில்லிமீட்டர் வரை. மெல்லியது கையாலேயே வளையும், ஆனால் வாசிக்க வாசிக்கத் தானும் வளைந்துகொடுத்துப் பிடி தளரும். தடித்தது முரண்டு பிடிக்கும். ஒரு தடவை வளைத்து வைத்துவிட்டால் அப்படியே நிற்கும். பெயரில் சில்வர் இருந்தாலும் நிக்கல் சில்வரில் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்தது. கவரிங் நகை போட்டால் தோல் அரிக்கிறது என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பல கவரிங் நகைகளில் அந்தத் தொல்லையைத் தருவதும் நிக்கல்தான். அவர்களுக்குப் பித்தளை பிக்கோ பிளாஸ்டிக் பிக்கோ நல்லது.

வீணை மீட்டு தகடு அல்ல, சுருட்டிய எஃகுக் கம்பி. மெல்லிய கம்பி விரல் நுனியைச் சில சுற்றுகள் சுற்றி, முன்னால் ஒரு வளைவாக நீண்டு நிற்கும். வீணைக் கம்பியில் படுவது அந்த வளைவு. சிதார் வாசிப்பவர்கள் ஆள்காட்டி விரலில் மாட்டும் மிஸ்ராபும் கம்பிக் குடும்பம்தான். அதன் வளைப்பு வேறு.

இந்தக் கட்டுமான வேறுபாட்டில்தான் விஷயமே இருக்கிறது. விரல் நுனி உருளை வடிவம் கிடையாது. முதல் கணுவிலிருந்து நுனி வரை கூம்பிக்கொண்டே போகும், நகத்தின் பக்கம் தட்டையாகவும் சதைப் பக்கம் உப்பலாகவும் இருக்கும். சுருள் கம்பியின் ஒவ்வொரு சுற்றும் தனக்கு வாய்த்த இடத்தின் அளவைத் தானே எடுத்துக்கொள்கிறது. பின் சுற்று அகலமாக இருக்கும், முன் சுற்று ஒடுங்கி இருக்கும். அழுத்தம் எல்லாச் சுற்றுக்கும் பிரிந்து போகிறது. தகட்டுக்கு அந்த வசதி இல்லை. கடையிலிருந்து வந்த பிக்கின் பட்டை நேர் உருளையாக இருந்தால், கூம்பான விரலில் அதன் பின்விளிம்பு மட்டுமே கடிக்கும்; முன்பகுதி காற்றில் நிற்கும். கடிக்கும் அந்த ஒற்றைக் கோட்டில் விரல் வலிக்கிறது. அந்த ஒற்றைக் கோடு மட்டுமே பிடித்திருப்பதால் பிக் ஆடவும் செய்கிறது. ஆடுகிறதே என்று மேலும் நெரித்தால் கோடு இன்னும் ஆழமாகக் கடிக்கிறது, படிமானம் கூடுவதில்லை. புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் சுழல் இது.

கழலும் விதம்

கருவியின் கம்பி விரலிலிருந்து பிக்கை எப்படிக் கழற்றுகிறது என்று பார்த்தால் மேலும் சில தெளிவாகும். கிட்டாரில் விரல் மடங்கும்போது கம்பி நாக்கின் மேல் எதிர்விசை கொடுக்கிறது. நாக்கு விரல் சதையில் சாய்ந்திருப்பதால் தாங்கிக்கொள்கிறது. ஆனால் நாக்கு நுனியைத் தாண்டி எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவுக்கு அது நெம்புகோலாகிறது. 3 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருப்பதற்கும் 6 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருப்பதற்கும் திருகும் விசையில் ஏறத்தாழ இரு மடங்கு வித்தியாசம். இறுக்கிப் போட்டும் கழல்கிறது என்பவரின் பிக்கைப் பார்த்தால் பெரும்பாலும் நாக்கு நேராக நீண்டு நிற்கும். விரலின் வளைவைப் பின்பற்றி அதை மேலே மடித்துவிட்டால் நெம்பும் நீளம் குறைகிறது. பட்டையைத் தொடாமலே பிடிமானம் கூடுகிறது.

வீணை மீட்டில் விசை வேறு விதமாக வேலை செய்கிறது. நுனி வளைவை வெளிப்பக்கமாக இழுத்தால் சுருள் நீளவாட்டில் விரியப் பார்க்கும். சுருள் விரியும்போது அதன் குறுக்களவு கொஞ்சம் சுருங்கும். அதாவது கழற்ற வரும் விசையே சிறிதளவு பிடியாக மாறுகிறது. இறுக்காமலே மீட்டு நிற்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் எடை குறைவு. கையை உதறினால் தகடு பிக்கைவிட மீட்டு குறைவாகவே அசையும்.

மீட்டிலும் கெட்ட மீட்டு உண்டு. சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டால் அந்த இடம் நூல் கட்டியதுபோல அறுக்கும். கம்பியின் வெட்டுமுனை உள்ளே திரும்பியிருந்தால் நகக்கண்ணில் குத்தும். வாங்கும்போது விரல் நகத்தால் உட்பக்கத்தை ஒரு தடவை வருடிப் பார்த்தால் தெரிந்துவிடும். முனை உரசினால் உப்புத்தாளில் ராவிவிட வேண்டும்.

பிக்கைப் படியவைப்பது

இனி கிட்டார்க்காரர் செய்ய வேண்டியது. முதலில், மாட்டும் பக்கம். பார்ப்பதற்குப் பருந்தின் நகம்போல் இருப்பதால் பலர் நாக்கை நகத்தின்மேல் வைத்துப் போட்டுக்கொள்கிறார்கள். நாக்கு வர வேண்டியது சதைப் பக்கம். பட்டை நகத்தின் அடிப்பகுதியையொட்டி உட்கார வேண்டும். கணுவின் மடிப்பில் ஏறக் கூடாது. ஏறினால் விரல் மடங்கும் ஒவ்வொரு முறையும் பட்டை முன்னால் தள்ளப்படும்.

அடுத்தது பட்டையின் வடிவம். நெரிப்பதற்கு முன்னால் அதை அகலத் திறந்துவிடுங்கள். விரலில் வைத்து, பின்விளிம்பைச் சற்றுத் தளர்வாகவும் முன்விளிம்பைச் சற்று ஒடுக்கமாகவும் வளையுங்கள். தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளுக்குப் போனவர்கள் மோதிரம் கோத்து அளவு பார்க்கும் கூம்புக் கம்பியைப் பார்த்திருப்பார்கள். விரல் தடிமனுக்கு அந்த மாதிரி மெல்லக் கூம்பும் மரக்குச்சி ஒன்று இருந்தால் அதன்மேல் வைத்து அழுத்தினாலே தகடு கூம்பு வடிவத்துக்கு வந்துவிடும். தடித்த பிக்காக இருந்தால் குறடு தேவைப்படும். குறட்டின் வாய்க்குத் துணி சுற்றிக்கொள்ளாவிட்டால் தகட்டில் பல் பதியும், அந்தப் பல் விரலில் உரசும். பட்டையின் ஓரம் விரலை வெட்டாதபடி இம்மியளவு வெளியே திருப்பிவிடலாம். பல பிக்குகளின் பட்டையில் துளை இருக்கும். சதை அதற்குள் லேசாகப் புடைப்பதால் பிடி கொஞ்சம் கூடும்.

மூன்றாவது, நாக்கு. விரலைச் சற்று மடித்து வைத்துக்கொண்டு சதையின் வளைவோடு நாக்கு ஒட்டிப் போகும்படி அழுத்துங்கள். நுனியைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் போதும். பிறகு கையைக் கிட்டாரின் மேல் வைத்து, நாக்கு கம்பியில் தட்டையாகப் படுகிறதா, ஓரத்தால் உரசுகிறதா என்று பாருங்கள். விரல்கள் கம்பிக்குச் செங்குத்தாக வருவதில்லை, சாய்வாக வருகின்றன. அந்தச் சாய்வுக்கு ஏற்றபடி பிக்கையே விரலில் ஒரு துளி சுழற்றி வைத்தால் உரசல் போய்விடும். உரசல் போனால் பக்கவாட்டு இழுப்பும் குறைகிறது. பிக் சுழலுவதும் நிற்கிறது.

கட்டைவிரல் பிக் பெரும்பாலும் பிளாஸ்டிக். சிறிது, நடு, பெரிது என்று அளவு வரும். கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் கொதித்து இறக்கிய தண்ணீரில் இடுக்கியால் பிடித்துச் சில விநாடி முக்கியெடுத்து, கட்டைவிரல் தடிமனுள்ள குச்சியில் மாட்டிப் பச்சைத் தண்ணீரில் போட்டால் அந்த வடிவத்தில் உறைந்துவிடும். அடுப்புத் தீயிலோ தீக்குச்சியிலோ காட்டவே கூடாது. செல்லுலாய்டு பிக்காக இருந்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும். நாக்கு நீளம் அதிகமென்று பட்டால் உப்புத்தாளால் தேய்த்துக் குறைத்து, ஓரத்தை மழுமழுவென்று ஆக்கிவிடலாம்.

இதற்கெல்லாம் நம்மூரிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது: தவில் கூடு. துணிப்பட்டையைப் பசையில் தோய்த்து, வாசிப்பவரின் விரல் அளவுக்கே சுற்றி உலர்த்தி, கல் மாதிரி இறுகவைத்தது. மதுரையில் கல்யாண மண்டபம் எதிலும் பார்க்கலாம். அடி எவ்வளவு பலமாக விழுந்தாலும் கூடு கழன்று பறப்பதில்லை. காரணம் அது அந்த விரலுக்கென்றே ஆனது. இன்னொருவர் கூட்டைக் கடன் வாங்கி மாட்ட முடியாது. கிட்டார் பிக் தொழிற்சாலைச் சரக்கு. எல்லா விரலுக்கும் ஒரே அச்சு. அதை வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் பாதிப் பேரின் வலி தொடங்குகிறது.

வியர்வை, எண்ணெய், ஏசி

சித்திரை வைகாசியில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடும். விரல் வியர்த்தால் உலோகத்துக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு நீர்ப்படலம் உருவாகிறது. தகடு பிக் முழுப் பட்டையாகத் தோலை மூடுவதால் வியர்வை அதன் அடியிலேயே தங்கும். மீட்டின் சுற்றுகளுக்கு இடையில் தோல் திறந்தே இருக்கிறது, வியர்வை வெளியேறிவிடும். வெயில் காலத்தில் மீட்டு மேலானது என்று சொல்ல இதுவே போதும்.

தகடு பிக்குக்குப் பரிகாரம் மூன்று. கையையும் பிக்கின் உட்புறத்தையும் துடைத்துவிட்டு மாட்டுவது முதலாவது. மிகச் சாதாரணமானதும் மிக அதிகம் மறக்கப்படுவதும் இதுதான். அடுத்தது, வயலின் வில்லுக்குப் பூசும் ரோசினை நுணுக்கி உட்பக்கம் ஒரு துளி தேய்த்துக்கொள்வது. வெளிநாட்டில் கொரில்லா ஸ்நாட் என்ற பெயரில் விற்கும் பிடிமானப் பசைக்கும் பைன் மரப் பிசின்தான் அடிப்படை. மூன்றாவது, ஆஸ்பத்திரிப் பேப்பர் டேப்பை விரலில் ஒரே ஒரு சுற்று ஒட்டி அதன்மேல் பிக் போடுவது. டேப்பை இரண்டு மூன்று சுற்றாக்கினால் விரல் தடித்துப்போய் வளைத்து வைத்த பொருத்தம் கெட்டுவிடும்.

வீணைக்காரர்களுக்கு இங்கே ஒரு தனி எச்சரிக்கை. இடது விரல்கள் கம்பியில் வழுக்கி ஓடுவதற்காகப் பலர் தேங்காயெண்ணெய் தொட்டுக்கொள்வார்கள். அந்த எண்ணெய்ப் பஞ்சை வலது கையால் எடுத்தால் மீட்டு நிற்காது. எண்ணெய் இடது கையின் சொத்து. வலது கை அதைத் தொடக் கூடாது.

வெப்பநிலையே விரலின் அளவை மாற்றும் என்பது பலருக்கும் மேடையில்தான் உறைக்கிறது. வெயிலில் அலைந்து வந்தால் விரல் சற்று உப்பியிருக்கும். ஏசி மண்டபத்தில் அரைமணி உட்கார்ந்தால் ஒடுங்கும். வீட்டில் கச்சிதமாக இருந்த பிக் அங்கே கழலும். மீட்டு சுருள் என்பதால் இந்த ஏற்ற இறக்கத்தை ஓரளவு தானே சமாளிக்கும். தகடு சமாளிக்காது. எனவே வாசிக்கப்போகும் இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கை பழகிய பிறகு பட்டையைச் சரிசெய்வதே சரி. மாட்டிப் பத்து நிமிடம் கழித்து நகத்தடியைப் பாருங்கள். வெளிறியிருந்தாலோ ஊதா பாய்ந்திருந்தாலோ ஊசி குத்துவதுபோல் இருந்தாலோ ரத்த ஓட்டம் தடைபடுகிறது என்று பொருள். உடனே தளர்த்த வேண்டும். பழகிவிடும் என்று பொறுத்துக்கொள்ளும் வலி இல்லை அது.

நாதமும் நகமும்

பொருத்தத்தைப் பற்றிப் பேசும்போது நாதத்தை விட்டுவிட முடியாது. பிக் போடுவதே நாதத்துக்காகத்தான். உலோக பிக் கம்பியை வெடிப்பாகப் பேசவைக்கும். ஒலி தூரம் போகும். ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் கம்பியில் உலோகம் படும்போது ஒரு சிணுங்கலும் வரும். வீணையின் வாசிப்புக் கம்பிகளில் சாரணியும் பஞ்சமமும் எஃகு. மந்தரமும் அனுமந்தரமும் பெரும்பாலும் பித்தளை வகை. மீட்டின் வளைவு மெல்லிய கம்பி என்பதால் தொடும் இடம் சிறியது, சிணுங்கலும் சிறியது. தகட்டின் நாக்கு அகலமானது. நாதம் தடிப்பாக வரும், பிசகினால் சத்தமும் தடிப்பாகவே வரும்.

உலோகமே வேண்டாம் என்றவர்களும் இரண்டு பக்கமும் இருந்தார்கள். வீணை தனம்மாள் (1867–1938) மீட்டு போடாமல் நகத்தாலேயே வாசித்தவர். சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் ஒரு சிறு கூட்டத்துக்கு முன்னால் அவர் வாசித்த மெல்லிய நாதத்துக்கு மைக் இல்லாத அந்த அறையே போதுமானதாக இருந்தது. ஸ்பெயினில் பிரான்சிஸ்கோ தாரெகா (1852–1909) பிற்காலத்தில் நகத்தையும் விட்டுவிட்டு வெறும் சதையால் கிட்டார் வாசித்தார். அடுத்த தலைமுறையின் ஆந்திரேஸ் செகோவியா நகமும் சதையும் சேர்ந்த தொடுகையையே தம் வழியாக்கிக்கொண்டார். 1940-களில் நைலான் கம்பி வந்த பிறகு கிளாசிக்கல் கிட்டார்க்காரர்களுக்கு நகம் பெரிய சுமையாக இல்லை. எஃகுக் கம்பிதான் நகத்தைத் தின்னும். ஆறு எஃகுக் கம்பிகள் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுவிசையில் நிற்கின்றன. நைலான் அதில் பாதியை ஒட்டித்தான் வரும். வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர், பட்டறையில் வேலை செய்கிறவர், நகம் வளர்க்க முடியாத தொழில் பார்க்கிறவர் எல்லோருக்கும் பிக்கும் மீட்டும்தான் துணை.

நகத்துக்கும் பிக்குக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. அலாஸ்கா பிக் எனப்படும் பிளாஸ்டிக் வகையில் நாக்கு நகத்துக்கு அடியில் நுழைந்து வெளியே வரும். சொந்த நகம் கொஞ்சமாவது வளர்ந்திருந்தால்தான் பிடிக்கும். ஆனால் விரல் சதை கம்பியைத் தொட முடியும். தகடு பிக்கில் பலருக்கும் உள்ள மனக்குறை கம்பி எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை என்பதுதான். தோலை மூடிவிட்டால் தொடுபுலன் மங்கும். மீட்டில் சதை பெரும்பாலும் திறந்திருப்பதால் அந்தக் குறை குறைவு. பிக்குக்குப் பழக முதல் நாட்களில் பத்துப் பதினைந்து நிமிடம் மட்டும், மெதுவான தாளத்தில், ஒரே விரலில் மாட்டி வாசித்தால் கை தூரத்தைக் கணக்கிடக் கற்றுக்கொள்ளும். பழகாத விரல் பயத்தில் கம்பியை ஆழமாகக் குத்தும். ஆழமாகக் குத்தும் பிக்தான் கழலும். அந்த வகையில் பிடிமானத்தில் ஒரு பங்கு உலோகத்திடம் இல்லை, விரலின் தைரியத்திடம் இருக்கிறது.

யாருக்கு எது

கணக்குப் பார்த்தால் எடை, காற்றோட்டம், தொடுபுலன், தானே அளவெடுத்துக்கொள்ளும் தன்மை இவற்றில் மீட்டு முந்துகிறது. நாதத்தின் தடிப்பு, தடிமனையும் உலோகத்தையும் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு, விரும்பிய கோணத்துக்கு வளைத்துக்கொள்ளும் வசதி இவற்றில் பிக் முந்துகிறது. அதற்காகக் கிட்டாரில் வீணை மீட்டைப் போட்டு வாசிக்கலாமா என்றால், செய்து பார்க்கத் தடையில்லை. ஒற்றைக் கம்பியில் ராகம் வாசிக்கிறவருக்கு ஒத்துவரக்கூடும். ஆறு கம்பியில் மேல்நோக்கி ஓயாமல் சுண்டுகிறவருக்கு நாக்குள்ள தகடுதான் கைகொடுக்கும். கருவியை மாற்றிக்கொள்வதைவிட அணுகுமுறையை மாற்றிக்கொள்வது லாபம்.

கிட்டார்க்காரர் வீணையிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: இறுக்குவதற்கு முன் படியவை. ஒரு விளிம்பால் கடிக்கும் பிக்கை நெரிக்காமல், கூம்பாக்கி, நாக்கை மடித்து, தொடும் பரப்பைக் கூட்டினால் பாதி அழுத்தத்திலேயே அது நிற்கும். வீணைக்காரர் கிட்டாரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: கடையில் கிடைத்த மீட்டே விதி என்று இருக்காமல், கம்பித் தடிமன் வேறு வேறாக இரண்டு ஜோடி வாங்கி, நுனி வளைவின் நீளத்தைத் தம் கைச் சாய்வுக்கு ஏற்ப மாற்றிப் பார்ப்பது. அறைக்கு ஒன்று, மேடைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வதில் தவறில்லை.

பிக்கோ மீட்டோ சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு சோதனை போதும். மாட்டிக்கொண்டு கையைக் கீழே தொங்கவிட்டு உதறினால் அசையக் கூடாது. ஒரு பாட்டு முழுக்க வாசித்துக் கழற்றினால், விரலில் உலோகத்தின் தடம் ஒரே கோடாக ஆழப் பதியாமல், பட்டையாகப் பரவி மங்கலாகத் தெரிய வேண்டும். கோடாக இருந்தால் இன்னும் வளைக்கும் வேலை மிச்சம் இருக்கிறது. பட்டையாக இருந்தால் குறட்டை எடுத்து வைத்துவிட்டுச் சாதகத்தைத் தொடரலாம்.